பத்தாயிரம் ரூபாய் கீபோர்டு: நெல்லைப் பக்கம் புதிதாக வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பையன் கோயில் கொயரில் சேர்ந்திருப்பான், மகள் பள்ளி ஆண்டு விழாவில் வாசிக்க வேண்டும் என்று நச்சரிப்பாள். இல்லையென்றால் உங்களுக்கே ரிட்டயர் ஆவதற்குள் நாலு பாட்டாவது வாசித்துப் பார்த்துவிட வேண்டும் என்று இருக்கும். கடையில் போய் "ஒரு கீபோர்டு வேணும்" என்று நின்றால் மூவாயிரத்தில் ஆரம்பித்து அறுபதாயிரம் வரை வரிசையாக எடுத்து வைப்பார்கள். எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நிற்க நிற்க நம் பட்ஜெட் ஏறிக்கொண்டே போகும்.

என் கட்சி இதுதான்: முதல் இரண்டு வருடத்துக்கு விலை குறைந்த 61 கட்டை கீபோர்டே போதும். ஆர்மோனியம் போல ரீடு கெடாது, வயலின் போல ஒவ்வொரு நாளும் சுருதி கூட்ட வேண்டாம். சுவிட்சைப் போட்டால் சுருதி சரியாக நிற்கும். மூன்று, நான்கு கிலோதான் எடை. கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும். ஒரே வளவில் நாலு வீடு ஒட்டி இருந்தாலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்கு வாசிக்கலாம், பக்கத்து வீட்டு ஆச்சி கதவைத் தட்ட மாட்டார். ஐம்பதாயிரம் ரூபாய் பியானோ உறை போட்டு மூடியே கிடக்கும். இந்தப் பிளாஸ்டிக் பெட்டியைத்தான் ஆள் எடுத்து வாசிப்பார். கீழே விழுந்தாலும் நெஞ்சு படபடக்காது.

1. யாருக்கு, எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஆறு வயதுக்குக் கீழே விளையாட்டுக்கு என்றால் சின்னக் கட்டை கீபோர்டு போதும். கேஸியோ எஸ்ஏ வரிசையில் 32 கட்டையிலும் 44 கட்டையிலும் கிடைக்கிறது. ஆனால் அது விரல் பழகுவதற்கு ஆகாது. கட்டையின் அகலம் குறைவு என்பதால் அதில் பழகிய கை பெரிய கீபோர்டில் தடுமாறும்.

முறையாகக் கற்க 61 கட்டை, முழு அளவுக் கட்டை. கடைக்குப் போகும்போது டேப் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த ஏழு வெள்ளைக் கட்டைகளின் மொத்த அகலம் சுமார் பதினாறரை சென்டிமீட்டர் இருந்தால் அது முழு அளவு. அதற்கு வெகுவாகக் குறைந்தால், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் வேண்டாம்.

டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் எலக்ட்ரானிக் கீபோர்டு கிரேடு தேர்வுக்குப் போகும் எண்ணம் இருந்தால், வாங்குவதற்கு முன்பே ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். தேர்வுக்கான கருவியில் என்னென்ன வசதி இருக்க வேண்டும் என்பதைப் பாடத்திட்டத்திலேயே சொல்லியிருப்பார்கள். வாங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

2. மொத்தச் செலவைக் கணக்குப் போடுங்கள்

கீபோர்டு விலை மட்டும் கணக்கு இல்லை. இங்கே நான் சொல்வது தோராயம்தான், கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும்.

61 கட்டை, டச் (அமுக்கும் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் மாறும் வசதி) இல்லாதது: ஏழாயிரம் முதல் பதினொன்றாயிரம் வரை.
61 கட்டை, டச் உள்ளது: பன்னிரண்டாயிரம் முதல் பதினேழாயிரம் வரை.
எக்ஸ் ஸ்டாண்டு: ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு.
உறைப் பை: அறுநூறு முதல் ஆயிரம்.
ஹெட்போன்: வீட்டில் இருப்பதே போதும், மாற்றுப் பின் மட்டும் ஐம்பது ரூபாய்க்குள்.
அடாப்டர்: பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் தனியாக எழுநூறு முதல் ஆயிரத்து இருநூறு.

ஆக, கையில் பத்தாயிரம் இருக்கிறது என்றால் எட்டாயிரத்துக்கு மேல் உள்ள மாடலைப் பார்க்காதீர்கள். ஸ்டாண்டு இல்லாமல் கட்டிலில் வைத்து வாசிக்கிற பிள்ளைக்கு மணிக்கட்டு மடங்கியே பழகிவிடும். நான் பார்த்த பல வீடுகளில் பணம் கீபோர்டிலேயே தீர்ந்து போய், அது தையல் மெஷின் மேசையில் கிடக்கிறது.

3. மாடலைத் தேர்ந்தெடுப்பது

டச் என்று கடையில் சொல்வது கட்டையை மெதுவாக அமுக்கினால் சத்தம் மெல்லியதாகவும், வேகமாக அமுக்கினால் பலமாகவும் வருவது. கேஸியோவில் சிடி-எஸ்100, சிடி-எஸ்200 இரண்டிலும் டச் இல்லை, சிடி-எஸ்300-இல் உண்டு. யமஹாவில் பிஎஸ்ஆர்-இ273-இல் இல்லை, பிஎஸ்ஆர்-இ373-இல் உண்டு. பெயரில் ஒரே ஓர் எண்தான் மாறும், அதனால் பில்லில் மாடல் எண்ணை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

டச் கட்டாயமா? கொயரில் கீர்த்தனைக்கு கார்டு (சில சுரங்களைச் சேர்த்து அமுக்குவது) பிடிக்க, பஜனைக்குக் கூட வாசிக்க, டச் இல்லாமல் சமாளித்துவிடலாம். பியானோப் பக்கம் போக எண்ணம் உண்டென்றால் நாலாயிரம் கூடக் கொடுத்து டச் உள்ளதையே வாங்குங்கள். பிறகு வேறு கீபோர்டு மாற்றுவதைவிட அது மலிவு.

"நானூறு டோன் அண்ணாச்சி, எழுபது ரிதம்" என்று கடைக்காரர் அடுக்குவார். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். யாரும் ஒரு வருடத்தில் பத்து டோனுக்கு மேல் தொடுவதில்லை. பியானோ, ஸ்டிரிங்ஸ், ஆர்கன், புல்லாங்குழல் கேட்டுப் பாருங்கள், அந்த நாலும் காதுக்கு இதமாக இருந்தால் சரி. அதற்குப் பதில் இதை விசாரியுங்கள்: பெடல் சொருகத் துளை உண்டா, கம்ப்யூட்டரோடு இணைக்க யுஎஸ்பி உண்டா, ஹெட்போன் துளை 3.5 மில்லிமீட்டரா 6.35 மில்லிமீட்டரா. ரொம்ப மலிவான மாடல்களில் பெடல் துளையே இருக்காது.

சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய உபகாரம். பாடுகிறவர்கள் சுருதியையும் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு கட்டை சுருதியில் பழகிய பாட்டை, பாடுகிறவர் ஒன்றரைக் கட்டையில் எடுத்தால் டிரான்ஸ்போஸை ஒன்று கூட்டுங்கள், விரல் மாறவே வேண்டாம். ஐந்து கட்டையில் பாடும் பெண்களுக்கு ஏழு கூட்டலாம், அல்லது ஐந்து குறைக்கலாம். வாசித்து முடித்ததும் மறக்காமல் பூச்சியத்துக்குக் கொண்டு வாருங்கள்.

4. கடையில் சோதிப்பது

சாயங்காலம் போகாதீர்கள், கூட்டத்தில் எதுவும் காதில் விழாது. வெயிலானாலும் காலை பதினொரு மணி வாக்கில் போனால் கடைக்காரருக்கும் நேரம் இருக்கும். அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில் பக்கமிருந்து வருகிறவர்கள் திரும்பும் பஸ்ஸையும் யோசித்து வாருங்கள். அட்டைப்பெட்டி ஒரு மீட்டர் நீளம் இருக்கும், நிற்கிற கூட்டத்தில் ஏற்ற முடியாது, லக்கேஜ் டிக்கெட்டும் கேட்கலாம்.

முதல் வேலை, டெமோவை நிறுத்தச் சொல்லுங்கள். டெமோ பாட்டு எந்தக் கீபோர்டிலும் பிரமாதமாகத்தான் இருக்கும். ரிதத்தையும் நிறுத்திவிட்டு, முதல் பியானோ டோனை வைத்து, இடது கடைசிக் கட்டையிலிருந்து வலது கடைசி வரை ஒவ்வொன்றாக ஒரே அழுத்தத்தில் அமுக்குங்கள். 61-ஐயும். ஏதாவது ஒன்று பேசாமல் இருந்தாலோ, ஒன்று மட்டும் கத்தினாலோ, அமுக்கியது மேலே வரத் தயங்கினாலோ அந்தப் பெட்டி வேண்டாம். அப்புறம் இரண்டு கையாலும் எட்டு, பத்துக் கட்டையைச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள்.

சத்தத்தை முழுதாக வைத்து இடது பக்கக் கட்டைகளை வாசித்தால் பிளாஸ்டிக் அதிர்கிறதா என்பது தெரியும். லேசான அதிர்வு இந்த விலைக்குச் சகஜம், கரகரப்பு சகஜம் இல்லை. ஹெட்போனை மாட்டினால் ஸ்பீக்கர் நிற்க வேண்டும், இரண்டு காதிலும் கேட்க வேண்டும்.

ஒன்று முக்கியம். நீங்கள் வாசித்துப் பார்த்தது காட்சிக்கு வைத்த பீஸாக இருக்கும். கையில் தருவது சீல் போட்ட வேறு பெட்டி. அதையும் கடையிலேயே பிரித்து, இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

5. காகிதங்கள்

இதில்தான் ரொம்பப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். "எஸ்டிமேட்" என்று மேலே அச்சடித்த சீட்டு பில் இல்லை. அது வாரண்டிக்குச் செல்லாது. விலை பேசும்போதே, "இது வரி சேர்த்த விலைதானா?" என்று கேட்டுவிடுங்கள். பேசி முடித்து, பணம் எண்ணும்போது வரி தனி என்று சொல்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு.

பில்லில் மாடல் எண்ணோடு சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். கீபோர்டைக் கவிழ்த்தால் அடியில் ஒட்டியிருக்கும், பெட்டியின் பக்கவாட்டிலும் இருக்கும். மூன்றும் ஒன்றுதானா என்று பாருங்கள். போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், பில் மை ஒரு கோடையிலேயே மங்கிப் போகும்.

வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும். ஒரு கடையில் நான் முத்திரை கேட்டபோது, "பில்லே போதும், யாரும் கேக்க மாட்டாவ" என்று சொன்னார்கள். ஸ்பீக்கர் ஒன்று நின்று போய் சர்வீஸுக்குக் கொண்டு போனபோது முதலில் கேட்டதே அந்த முத்திரையைத்தான். திரும்ப வந்து முத்திரை வாங்குவதற்குள் அந்தக் கடையில் ஆள் மாறியிருந்தார், புதியவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எனவே முத்திரை விழாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கம்பெனி இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று அட்டையில் போட்டிருந்தால் அன்றே செய்யுங்கள். பழுதானால் எங்கே அனுப்ப வேண்டும், போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதையும் வாங்கும்போதே கேளுங்கள். உள்ளூரில் சர்வீஸ் இல்லாமல் மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டி வந்தால் நாள் கணக்கில் ஆகும். அதனால் வாரண்டி முடியும் வரை அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் பரணில் போட்டு வையுங்கள். எடைக்குப் போட்டுவிட்டு அப்புறம் பெட்டிக்கு அலைய வேண்டாம்.

தவணையில் வாங்கினால் ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புக் அல்லது ரத்து செய்த செக், ஆதாரோடு இணைத்த போன் எல்லாம் கையில் இருக்கட்டும். ஓடிபி அந்தப் போனுக்குத்தான் வரும், அதை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் வந்த பயணம் வீண். "வட்டியில்லாத் தவணை" என்றாலும் பிராசஸிங் கட்டணம் என்று ஒன்று இருக்கும். எட்டாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு அதையும் கூட்டிப் பாருங்கள், பல சமயம் ரொக்கத் தள்ளுபடி லாபமாக இருக்கும்.

6. ஆன்லைன், வெளிநாட்டுச் சாமான், பழையது

ஆன்லைனில் ஐந்நூறு, ஆயிரம் குறையலாம். பிரிக்கும்போது, ஒட்டிய டேப்பிலிருந்து ஆரம்பித்து முழுதாக வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் எல்லாக் கட்டையையும் சோதித்துவிடுங்கள். விற்பவர் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்தானா என்பதையும் பாருங்கள்.

மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார், ஊர் வரும்போது கொண்டு வரச் சொல்லலாம் என்று தோன்றும். கொண்டு வரலாம், ஆனால் இங்கே வாரண்டி செல்லுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தால் அடாப்டரின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் சொருகாதீர்கள். உள்ளீடு 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் வீட்டு 230 வோல்ட்டில் அது உடனே போய்விடும். 100 முதல் 240 வரை என்று இருந்தால் பயமில்லை, பின்னுக்கு மட்டும் மாற்றி வாங்கினால் போதும்.

பழையது வாங்கினால், இன்றைய புது விலையில் பாதிக்கு மேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். பழைய பில்லைக் கேளுங்கள். மெல்லிசைக் குழுவில் கோயில் கொடை கொடையாகச் சுற்றிய கீபோர்டு வெளியே பளபளப்பாக இருக்கும், நடுவிலுள்ள இரண்டு ஸ்தாயிக் கட்டைகள் (கீழ் ஸ முதல் மேல் ஸ வரை ஒரு ஸ்தாயி) தேய்ந்திருக்கும். அவற்றைத்தான் அதிகம் சோதிக்க வேண்டும்.

7. அடாப்டர்

புதுக் கீபோர்டு கெடுவதற்கு நான் கேள்விப்பட்டதில் முதல் காரணம் இது. பெட்டியில் வந்த அடாப்டர் தொலைந்ததும், வீட்டில் கிடக்கும் இண்டர்நெட் பெட்டி அடாப்டரைச் சொருகிப் பார்ப்பார்கள். பின் பொருந்தும், வோல்ட் பொருந்தாது. யமஹாவின் சாதாரண மாடல்கள் பலவற்றுக்கு 12 வோல்ட், கேஸியோ சிடி-எஸ் வரிசைக்கு 9.5 வோல்ட். அது போக, நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்பது மாடலுக்கு மாடல் மாறும். சொருகும் துளைக்குப் பக்கத்தில் சின்ன வட்டப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள், அடாப்டர் மேலுள்ள படமும் அதே போல இருக்க வேண்டும். சந்தேகம் என்றால் கம்பெனி அடாப்டரையே வாங்குங்கள்.

பேட்டரி பெரும்பாலும் ஆறு ஏஏ செல். அல்கலைன் போடுங்கள், மலிவுச் செல் சத்தத்தைக் கூட்டியதும் படுத்துவிடும். வாசிக்காத நாட்களில் கழற்றி வையுங்கள்.

இன்னொன்று: அரை மணி நேரம் தொடாமல் விட்டால் தானாகவே அணைந்துவிடும். அது பழுது இல்லை. ஆராதனையில் பிரசங்கம் நீண்டு போகும்போது அணைந்து, அடுத்த பாட்டுக்கு டோன் மாறி நிற்பது எல்லாருக்கும் நடக்கிறது. இந்த வசதியை எப்படி நிறுத்துவது என்று கையேட்டில் போட்டிருப்பார்கள், அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது படித்து வையுங்கள்.

8. முதல் வாரங்கள்

வாங்கிய அன்றே வகுப்பில் சேர வேண்டும் என்பதில்லை. ஏப்ரல், மே விடுமுறையில் எல்லா ஆசிரியரிடமும் கூட்டம் வழியும், ஜூன் பிறந்ததும் பாதி இடம் காலியாகும். அப்போது சேர்ந்தால் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து விரல் பார்ப்பார். அதே போல, டிசம்பரில் வாங்கப் போகாதீர்கள். பாளையிலிருந்து நாசரேத் வரை கோயில்களில் கிறிஸ்துமஸ் தயாரிப்பு நடக்கும்போது கேட்ட மாடல் கிடைக்காது, விலையும் இறங்காது. ஆடித் தள்ளுபடியும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் தோது.

தேர்வுக்குப் பதிவு செய்யும்போது பெயரும் இனிஷியலும் பள்ளிப் பதிவில் உள்ளபடியே இருக்கட்டும். சான்றிதழ் வந்த பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

ஆசிரியர் கிடைக்கும் வரை கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசித்துக்கொண்டிருங்கள். அவை இரண்டும் மூன்றுமாகக் கூட்டம் கூட்டமாக இருக்கும். மூன்று உள்ள கூட்டத்தில் இடமிருந்து முதல் கட்டையை ஸட்ஜமாக (ஸ) வைத்து, கறுப்பை மட்டும் வரிசையாக மேலே போனால் மோகன ராகம். அதே மூன்றில் இரண்டாவதில் ஆரம்பித்தால் மத்தியமாவதி, மூன்றாவதில் ஆரம்பித்தால் இந்தோளம். இரண்டு உள்ள கூட்டத்தின் முதல் கட்டையில் சுத்த சாவேரி, இரண்டாவதில் சுத்த தன்யாசி. கட்டைகள் அதே ஐந்துதான், தொடங்கும் இடம்தான் மாறுகிறது. தவறான சுரம் விழவே வழியில்லை என்பதால் எட்டு வயதுப் பிள்ளையும் அரை மணி நேரம் ஆசையாக உட்கார்ந்திருக்கும். பின்னணிக்கு ஸ்டிரிங்ஸ் டோனில் ஸட்ஜத்தை ஒருவர் பிடித்துக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கும். வெள்ளைக் கட்டைகளில் ஒரு கட்டை சுருதியிலிருந்து, அதாவது இரண்டு கறுப்புக் கூட்டத்துக்கு இடப்பக்கத்தை ஒட்டிய வெள்ளையிலிருந்து, வரிசையாகப் போனால் சங்கராபரணம்.

கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைத்து வாசிப்பது, இதில் வராது. விலை குறைந்த மாடல்களில் சுரத்தை வளைக்கும் சக்கரமும் பெரும்பாலும் இருக்காது. கர்நாடக சங்கீதம்தான் இலக்கு என்றால் இதைச் சுரஞானத்துக்கு வைத்துக்கொண்டு, பாட்டோ வயலினோ தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

கோயிலிலோ பஜனை மடத்திலோ பெரிய கூட்டத்துக்கு இதன் சின்ன ஸ்பீக்கர் எடுபடாது. ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் எடுத்து மைக் செட்டுக்குக் கொடுக்கலாம். கீபோர்டு சத்தத்தைப் பாதியில் வைத்துவிட்டு, மீதியை மைக் செட்காரரைக் கூட்டச் சொல்லுங்கள். ஒயரைச் சொருகும்போதும் பிடுங்கும்போதும் அவர் பக்கத்துச் சத்தம் குறைந்திருக்க வேண்டும்.

9. பராமரிப்பு

எறும்புதான் எதிரி. பலகாரம் தின்ற கையோடு வாசித்தால் கட்டைக்கு அடியில் எறும்பு குடியேறும். உவரி, கூடங்குளம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேரும். வாசித்ததும் மெல்லிய துணியால் மூடுங்கள். ஈரத் துணியை நன்றாகப் பிழிந்து துடைத்தால் போதும், கண்ணாடி துடைக்கும் மருந்து எதுவும் அடிக்காதீர்கள்.

வாரண்டி முடிந்த பிறகு ஒரு கட்டை மட்டும் பேசவில்லை என்றால் கீபோர்டைத் தூக்கிப் போட வேண்டாம். அடியிலுள்ள ரப்பர்க் குமிழிலும் அது தொடும் கறுப்புப் புள்ளியிலும் அழுக்கு சேர்ந்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு லேசாகத் துடைத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். நீங்களே திறக்கப் பயமாக இருந்தால் டிவி மெக்கானிக் எவரும் செய்து தருவார். எத்தனை ஸ்குரு கழற்றினார், எது எந்த இடம் என்று பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூலியைத் திறப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்.